பேட்டைக்குப் போன ஓட்டனைத் தேடுவது எப்படி

அப்பா, பாட்டன், பூட்டன், ஓட்டன். இந்த வரிசையில் பூட்டன் வரைக்கும் பெயர் சொல்லக்கூடிய வீடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. அதற்கு மேலே கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. காரிமங்கலம் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த ஓட்டன், பஞ்சத்துக்குப் பிறகு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி வியாபாரம் செய்தார் என்று மட்டும் ஒரு பேச்சு உண்டு. அவர் பெயரைக்கூட வீட்டில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அவரைத் தேடி நான் அலைந்த ஐந்தாறு வருடத்தில் எது பலன் கொடுத்தது, எது நேரத்தைத் தின்றது என்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், உங்கள் வீட்டு ஆளை நீங்கள் தேட உதவட்டும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டு உழவருக்குப் பிறப்புச் சான்று கிடையாது, பள்ளிச் சான்று கிடையாது, போட்டோ கிடையாது. அவர் இருந்ததற்கு எழுத்தில் மிஞ்சியிருக்கும் அடையாளம் இரண்டுதான்: அவர் உழுத நிலம், அவர் வாங்கிய அல்லது கொடுத்த கடன். ஆகவே ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள், நிலத்தோடு ஆள் வருவார். 1871-லிருந்து மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்களே, அதில் இருக்குமே என்று பலர் கேட்கிறார்கள். எடுத்தார்கள், ஆனால் கூட்டுத்தொகை அட்டவணைகள்தான் அச்சில் இருக்கின்றன, வீடு வீடாக எழுதிய படிவங்களைப் பாதுகாக்கவில்லை. அந்த வழியில் போய் நாளைக் கழிக்க வேண்டாம்.

வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடமிருந்து

இதைத் தள்ளிப் போடாதீர்கள். காகிதம் பத்து வருடம் கழித்தும் இருக்கும், எண்பத்தைந்து வயதுப் பாட்டி அப்படி இல்லை. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், பக்கத்தில் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். "அவர் எந்த வருஷம் பிறந்தார்" என்று கேட்டால் பதில் வராது. "கல்யாணத்தப்போ உங்க மாமியாருக்கு என்ன வயசு, அவங்க மாமியார் உயிரோட இருந்தாங்களா" என்று கேட்டால் வரும். பெண்கள் காலத்தைக் கல்யாணத்தாலும் பிரசவத்தாலும்தான் அளந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கு வருவது நம் வேலை.

என் பாட்டி சொன்ன ஒரு வரிதான் எனக்கு முதல் தேதி. "தாது வருசத்துல கஞ்சித்தொட்டியில நின்னவங்க கண்ணு நாம, உங்க பூட்டன் அப்ப கைக்குழந்தை." தாது வருஷம் என்றால் 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை. ஆக, பூட்டன் 1875 அல்லது 76-ல் பிறந்தவர், அவர் அப்பா அப்போது இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் இருந்திருக்க வேண்டும். ஒரு வரியில் இரண்டு தலைமுறைக்கு வயது கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டிலும் தாது வருஷப் பஞ்சம் பற்றி ஏதாவது பேச்சு இருக்கும், கேட்டுப் பாருங்கள். அன்றைய சேலம் ஜில்லாவில் 1871-ல் ஏறத்தாழ 19 லட்சத்து 66 ஆயிரம் பேர் இருந்தார்கள், 1881-ல் எண்ணியபோது 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாம் சேர்ந்த பள்ளம் அது. நம் பக்கத்து எந்தக் குடும்பத்தின் கதையும் இந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

அடுத்தது பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைத் தாங்குபவன். மூத்த பேரனுக்கு அப்பாவழிப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால், தெரிந்த பெயர்களை வைத்து மேலே இருக்கும் தெரியாத பெயரை ஊகிக்கலாம். ஊகம்தான், ஆனாலும் எந்தப் பெயரைத் தேடுவது என்று ஒரு பிடி கிடைக்கும். இதே வழக்கம் குழப்பமும் செய்யும். ஒரே பெயரில் பாட்டன், பேரன், பங்காளி வீட்டுப் பேரன் என மூன்று பேர் ஒரே ஊரில் இருப்பார்கள். அதனால் பெயரை மட்டும் எழுதாதீர்கள், எப்போதும் தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். மாது, மாதையன், மாதம்மாள், முனியப்பன், சின்னபையன், திம்மராயன் போன்ற பெயர்கள் நம் பக்கத்தில் ஊருக்குப் பத்து உண்டு. மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர்களே எத்தனை!

குலதெய்வக் கோயில் எங்கே என்று கேட்பதையும் விடாதீர்கள். இப்போது இருக்கும் ஊர் ஒன்று, குலதெய்வம் இருக்கும் ஊர் வேறு என்றால், குடும்பம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். கோயிலில் பழைய மணி, குத்துவிளக்கு, வாசல்படிக் கல் எதிலாவது உபயம் என்று பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வருடாவருடம் ஒரே நாளில் அங்கே பொங்கல் வைக்கும் மற்ற குடும்பங்கள்தான் உங்கள் பங்காளிகள், அவர்கள் வீட்டுப் பெட்டியில் உங்கள் ஓட்டனின் பத்திரம் இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு, ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு ஒரு நாள் பழம், வெற்றிலைபாக்கோடு போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டுப் பெரியப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார்.

பெட்டிக்குள் இருப்பதைப் படிப்பது

பழைய பத்திரத்தைப் பார்த்ததும் ஒன்றுமே புரியாது, பயப்பட வேண்டாம். புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. முதலில் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது பல நேரம் காதுக்குப் புரிந்துவிடும்.

சில குறிகள் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். 1876 என்பதை ௲௮௱௭௰௬ என்று எழுதியிருப்பார்கள், ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு என்று வாயால் சொல்கிற அதே வரிசை. ஆண்டு மூன்று விதத்தில் வரும். பசலி என்று இருந்தால் 590 கூட்டுங்கள், கிடைப்பது ஜூலையில் தொடங்கும் ஆண்டு. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. சாலிவாகன சகம் என்று இருந்தால் 78 கூட்டுங்கள். பிரபவ, விபவ என்று வருஷப் பெயர் மட்டும் இருந்தால், பிரபவ 1807, 1867, 1927 ஆகிய ஆண்டுகளில் வந்தது என்பதை வைத்து எண்ணிக்கொள்ளலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் எந்தச் சுற்று என்று முத்திரைத் தாளையும் ஆட்களையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணம் ரூபாய், அணா, தம்படியில் இருக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓலையாக இருந்தால் வராகன் வரும், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கணக்கில் வராகனுக்கு மூன்றரை ரூபாய். நில அளவு ஏக்கரில் இல்லாமல் வள்ளம், கொளகம், கண்டகம் என்று இருந்தால் அது விதைப்பாட்டுக் கணக்கு, இத்தனை அளவு விதை விழுகிற நிலம் என்று பொருள். ஊருக்கு ஊர் மாறும், அதனால் ஏக்கராக மாற்றப் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதை இருக்கிறபடியே எழுதி வையுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் தெலுங்கு, கன்னட எழுத்தில் பத்திரம் இருக்கும், அதற்கு அந்த எழுத்துத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். நான்கு எல்லையைப் படியுங்கள். எல்லை நிலங்கள் யாருடையவை என்று அதில் இருக்கும், பாகம் பிரிந்த குடும்பத்தில் அந்த எல்லைக்காரர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள். ஒரு சிக்கல் உண்டு: "முனியப்பன் காட்டுக்குக் கிழக்கு" என்று எழுதியிருந்தால் முனியப்பன் காடு கிழக்கே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, நம் நிலம் அவர் காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது அவர் நமக்கு மேற்கே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நான் ஒரு வருடம் தப்பான சர்வே எண்ணில் அலைந்தேன். அடுத்து சாட்சிகள். நம்பிக்கையான ஆளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், பங்காளி, மாமன், மச்சான், இல்லையென்றால் ஊர் மணியக்காரர். சாட்சிப் பெயர்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள், மூன்றாவது பத்திரத்தில் அதே பெயர் வரும்போது உங்களுக்கே தெரியும். முத்திரைத் தாளின் மேலேயோ பின்னாலேயோ தாளை விற்றவர் எழுதிய குறிப்பு இருக்கும், யாருக்கு, எந்த ஊராருக்கு, எந்தத் தேதியில் விற்றது என்று. ஆள் அப்போது எந்த ஊரில் குடியிருந்தார் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

உங்கள் ஊர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அலுவலகம் ஏறுவதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் வீண் அலைச்சல்தான். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், கும்பினி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு தலைமையில் மன்றோ முதலான கும்பினி அதிகாரிகள் இங்கே காடு காடாக அளந்து உழவர் ஒவ்வொருவரோடும் நேரடியாகத் தீர்வை பேசினார்கள், ரயத்துவாரி என்கிற முறையே நம் மண்ணில் பழக்கப்பட்டதுதான். ஓசூர்ப் பக்கம் 1799-க்குப் பிறகு வந்து சேர்ந்தது. அப்புறம் 1802-லிருந்து சில வருடத்துக்குள் பல கிராமங்களைச் சேர்த்து மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் விட்டார்கள். பல மிட்டாக்கள் தீர்வை கட்ட முடியாமல் சர்க்காருக்கே திரும்பின, சில மிட்டாக்கள் 1948 சட்டம் வந்து ஒழிக்கும்வரை இருந்தன.

இதனால் உங்களுக்கு என்ன? ரயத்துவாரி கிராமம் என்றால் சர்க்கார் கணக்கில் உங்கள் ஆள் பெயர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கும், செட்டில்மெண்ட் (நிலத்தை அளந்து தீர்வை விதித்த) பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு நேரே பட்டாதாரர் பெயராக. மிட்டா கிராமம் என்றால் உழவர் மிட்டாதாருக்குத்தான் குத்தகை கட்டினார், கணக்கு மிட்டாதார் வீட்டில் இருந்தது, சர்க்கார் செட்டில்மெண்ட் அங்கே 1948-க்குப் பிறகுதான். அந்த ஊரில் 1870-களின் பட்டா வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு நிற்பதில் பயனில்லை. மிட்டாதார் குடும்பம், கோர்ட்டு வழக்குகள், பத்திரப் பதிவு, இந்த மூன்று பக்கம்தான் திரும்ப வேண்டும்.

மூன்றாவது வகை இனாம், அதாவது தீர்வை இல்லாமலோ குறைந்த தீர்வையிலோ மானியமாக விட்ட நிலம். இனாம் என்றதும் பெரிய மனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பூசாரி, காவல்காரர், குயவர், வண்ணார், மேளம் அடிப்பவர் என்று ஊர் வேலை செய்தவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாக இனாம் இருந்தது. 1858-க்குப் பிறகு இனாம் கமிஷன் ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவேடு போட்டது. முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவருக்கு என்ன உறவு, என்ன வயது என்பதெல்லாம் அதில் உண்டு. நிலம் குறைவான வீட்டுக்கு இவ்வளவு விவரமான பதிவு வேறு எங்கேயும் கிடைக்காது. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள், தாலுகாவும் கிராமமும் சொல்ல வேண்டும்.

தாலுகா, மாவட்டம் மாறிய கதையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2, கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. 1965-க்கு முந்தைய எல்லாமே சேலம் ஜில்லா. அந்தக் காலத்து ஆவணத்தைச் சேலம் என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். திருப்பத்தூரும் 1911 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது, ஊத்தங்கரைப் பக்கத்து ஆட்கள் அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெயரின் எழுத்தும் மாறும், தருமபுரி, தர்மபுரி இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

கிராமத்துக் கணக்குகளை 1980 வரை பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்தார்கள். அந்தப் பதவிகள் ஒழிந்தபோது கணக்கு கிராம நிர்வாக அலுவலர் கைக்குப் போனது. எல்லாமே போகவில்லை, பழைய கர்ணம் வீட்டு அட்டத்தில் இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கும் ஊர்கள் இருக்கின்றன. மரியாதையாகப் போய்க் கேளுங்கள். அலுவலகத்தில் இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்: இப்போதைய எண், அதற்கு முந்தைய எண், பழைய செட்டில்மெண்ட் எண். ஓர் எண் இரண்டாக உடைந்திருக்கும், மூன்று ஒன்றாகியிருக்கும், ஒவ்வொரு படியிலும் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அலுவலகத்தில் என்னிடம் பழைய பதிவேடே இல்லை என்று மூன்று முறை சொன்னார்கள், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்ட பிறகு அதே அறையிலிருந்துதான் நகல் வந்தது. வாயால் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

பட்டா பெயர் மட்டும் பார்க்காமல், தர்காஸ்து, ராஜினாமா என்ற சொற்களையும் தேடுங்கள். தரிசு நிலம் வேண்டும் என்று மனுப் போட்டு வாங்கினால் தர்காஸ்து, தீர்வை கட்ட முடியாமல் நிலத்தைச் சர்க்காரிடமே விட்டுவிட்டால் ராஜினாமா. ராஜினாமா கொடுத்த வருடம்தான் பல பேர் ஊரைவிட்டுக் கிளம்பிய வருடம்.

பத்திரப் பதிவு அலுவலகம்

இணையத்தில் வில்லங்கம் போட்டால் பெரும்பாலும் 1975-க்குப் பின்னால்தான் வரும். அதற்கு முன்னே போக வேண்டுமானால் அலுவலகத்தில் கைப்பிரதியில் தேட மனுக் கொடுக்க வேண்டும். 1865-லிருந்து 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலக் கிரயத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. 40 ரூபாய்க்கும் 60 ரூபாய்க்கும் கைமாறிய மானாவாரித் துண்டுகள் பல பதிவாகவே இல்லை, அவற்றைப் பெட்டியில்தான் தேட முடியும். முதல் புத்தகமும் அதன் அட்டவணைகளும் நிலப் பத்திரங்களுக்கானவை, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். அட்டவணை இரண்டு உண்டு, ஒன்று ஆள் பெயர் வரிசை, இன்னொன்று சொத்து வரிசை. ஆள் பெயரில் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்து போகாமல் சொத்து வரிசையில் ஊர்ப் பெயரை வைத்துப் பாருங்கள்.

எந்தப் பத்திரம் அதிகம் பேசும்? கிரயப் பத்திரம் குறைவாகத்தான் பேசும். பாகப்பிரிவினை எல்லாருடைய பெயரையும் சொல்லும், போக்கியப் பத்திரம் ஏன் கடன் வாங்கினார் என்று சொல்லும். மாடு வாங்க, கிணறு வெட்ட, மகள் கல்யாணத்துக்கு, முந்தைய கடனை அடைக்க. என் ஓட்டனின் மனசு எனக்குத் தெரிந்த ஒரே இடம் அவர் எழுதிய போக்கியப் பத்திரம்தான், கவலைக் கிணறு (மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கிணறு) ஒன்றை ஆழப்படுத்தக் காட்டையே வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்.

ஊர் ஆளும் பேட்டை ஆளும் ஒருவரேதானா

கிராமத்திலிருந்து டவுனுக்குப் போனவரைத் தேடும்போது எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. ஊரில் சின்னபையன் என்று கூப்பிட்டவர் பேட்டையில் கடை வைத்ததும் முழுப் பெயரும் ஒரு பட்டமும் சேர்ந்துவிடும். டவுன் ஆட்கள் அவரைச் சொந்த ஊர்ப் பெயரால் கூப்பிடுவார்கள், சொந்த ஊரார் அவரைப் பேட்டைக்காரர் என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதிய காகிதத்தில் அதே பெயர் மூன்று விதமான எழுத்தில் வரும். இரண்டு பேரும் ஒருவரே என்று நினைப்பது எளிது, நிரூபிக்க வேண்டும்.

மூன்று ஆதாரமாவது பொருந்தினால்தான் நான் ஏற்றுக்கொள்வேன். தகப்பன் பெயர் ஒன்று. சாட்சிகளில் பொதுவான ஆள் இன்னொன்று. மூன்றாவது, இரண்டு ஊரையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வரி. பத்திரத்தில் "இன்ன கிராமத்திலிருந்து தற்போது கிருஷ்ணகிரிப் பேட்டையில் குடியிருக்கும்" என்கிற மாதிரி எழுதுவது வழக்கம், அந்த வரி கிடைத்தால் தங்கம். எனக்கு அது கிடைத்தது டவுன் வீட்டுப் பத்திரத்தில் இல்லை, ஊர்க் காட்டைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்த பத்திரத்தில். ஊரைவிட்டுப் போகிறவர் கடைசியாக ஊரில் எழுதிய பத்திரத்தை எப்படியாவது தேடிப் பிடியுங்கள்.

போனவர் அடியோடு போனார் என்றும் நினைக்க வேண்டாம். விதைப்புக்கு வருவார், அறுப்புக்கு வருவார், கேழ்வரகு மூட்டை ஊரிலிருந்து வண்டியில் பேட்டைக்குப் போகும், டவுன் வீட்டிலும் களிதான். சேலம் வரைக்கும் பெரிய ரயில் 1860-களின் தொடக்கத்திலேயே சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாக வந்துவிட்டாலும் கிருஷ்ணகிரிக்குத் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் வந்தது 1905-ல், தருமபுரிக்கு மொரப்பூரிலிருந்து 1906-ல். அதுவரை எல்லாம் மாட்டு வண்டிதான். உங்கள் ஆள் எந்தச் சந்தைக்கு வண்டி கட்டினார், எந்த ஸ்டேஷனுக்குச் சரக்கு ஏற்றினார் என்று தெரிந்தால் அவர் யாரோடு சம்பந்தம் செய்தார் என்பதும் அந்த வழியிலேயே தெரியும். எங்கள் வீட்டுக்குப் பெண் வந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே வண்டிப்பாதையில் வரிசையாக இருந்தன.

ஊர் மாறியவருக்குப் பொதுவெளியில் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் ராஜாஜியின் குடும்பம். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் அப்பா கிராம முன்சீப், மகன் பிறந்தது 1878, பஞ்சத்தின் முடிவில். படிப்பு ஓசூர், பெங்களூர், சென்னை, வக்கீல் தொழில் சேலத்தில். தொரப்பள்ளிக் கணக்கில் அப்பா பெயரும், சேலம் கோர்ட்டிலும் நகராட்சியிலும் மகன் பெயரும் என்று ஒரே குடும்பம் இரண்டு ஊர் ஆவணத்தில் பாதி பாதியாக இருக்கும்.

டவுனில் வேறு என்ன பார்க்கலாம்? கோர்ட்டு. சொத்து வழக்கு ஒன்று நடந்திருந்தால் பிராதிலேயே வம்சாவளி வரைந்திருப்பார்கள். சென்னை ஐகோர்ட் வரை போன வழக்குகளில் முக்கியமானவை 1876 முதல் அச்சுத் தொகுதிகளாக வந்தன. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் உங்கள் வேலை மற்றவர்களைவிட எளிது, கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் குழந்தை, பெற்றோர், ஞானப் பெற்றோர் என எல்லாம் இருக்கும், எழுத்து பெரும்பாலும் லத்தீனில். தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் வந்தது, சேலம் மறைமாவட்டம் 1930-ல், அதனால் எந்தப் பதிவேடு எந்த ஊரில் இருக்கிறது என்று பங்குத் தந்தையிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆத்தாமார்கள்

பெண்கள் பெயர் பத்திரத்தில் வராது என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வரும். கணவன் இறந்து பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் "மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று அவர் பெயர்தான் முதலில் வரும். பஞ்ச காலத்துக்குப் பிந்தைய பத்து வருடப் பத்திரங்களில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய. பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த நிலம், தான செட்டில்மெண்ட் என்று வந்தால் அதில் பெண்ணின் அப்பா பெயரும் ஊரும் இருக்கும், அதைப் பிடித்து அம்மாவழி முழுக்க ஏறலாம். என் ஓட்டன் மனைவியின் பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. பஞ்சத்தில் கைக்குழந்தையோடு கஞ்சித்தொட்டிக்கு நடந்தவர் அவர்தான். குடும்ப மரத்தில் அவர் இடத்தில் வெறும் கோடு போட்டிருந்ததை அழித்துப் பெயர் எழுதிய நாளை மறக்க மாட்டேன்.

திரும்பி வராதவர்கள்

ஓர் அண்ணன் அல்லது தம்பியைப் பற்றி "எங்கேயோ போயிட்டாரு" என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். 1880-களிலிருந்து கோலார் தங்கவயலுக்கு நம் பக்கத்து ஆட்கள் போனார்கள், கிருஷ்ணகிரியிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். கடல் தாண்டியவர்களும் உண்டு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள், இணையத்திலும் தேடலாம். சேலம் ஜில்லா என்று தேடி, கிராமப் பெயரை வாயால் உச்சரித்துப் பாருங்கள், வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அது.

அவர் வாழ்க்கையை எழுதும்போது

பெயரும் தேதியும் மட்டும் வைத்துக் குடும்ப மரம் போட்டால் அது வாழ்க்கை ஆகாது. 1883-ல் லெபானு தொகுத்த சேலம் ஜில்லா மானுவல், 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியர், அச்சான பாராமகால் ஆவணங்கள் மூன்றையும் புரட்டுங்கள். உங்கள் ஆள் பெயர் அவற்றில் இருக்காது. அவர் தாலுகாவில் என்ன பயிர், எந்தச் சந்தை, எந்த ஏரி உடைந்தது, தீர்வை எப்படி ஏறியது என்பதெல்லாம் இருக்கும், அதை அவர் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தக் கிணற்றுக் கடன் ஏன் வாங்கினார் என்று புரிய ஆரம்பிக்கும். தெரியாத இடத்தில் ராஜ வம்சத்தையோ அதியமானையோ கொண்டுவந்து ஒட்டாதீர்கள், அப்படிப் பங்காளிகள் அச்சடித்துத் தந்தாலும் ஏற்காதீர்கள். கிடைக்காத தலைமுறையைக் காலியாக விடுங்கள், அடுத்து தேடுகிறவருக்கு எங்கே தோண்டுவது என்று தெரியும்.

கடைசியாக அந்தப் பெட்டியைப் பற்றி. பத்திரங்களை லேமினேட் செய்யவே கூடாது, செலோ டேப் ஒட்டக் கூடாது. மடிப்பை ஒரே இழுப்பில் விரிக்காமல் ஒரு நாள் கனமில்லாத புத்தகத்துக்குக் கீழே வைத்து மெல்ல விரியுங்கள். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். படத்துக்குப் பெயர் வைக்கும்போது வருடம், ஊர், எழுதிக் கொடுத்தவர், யார் வீட்டுப் பெட்டி என்று இந்த வரிசையில் வையுங்கள். எடுத்து முடித்ததும் பத்திரத்தைப் பருத்தித் துணியில் சுற்றி அதே வீட்டில் அதே பெட்டியில் திருப்பி வைத்துவிட்டு, படங்களில் ஒரு பிரதியை அந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.